ஸரூஜ் நகரத்து அகதி

அறபு மதரஸாக்களில் இலக்கியப் பாடம் ஓதியவர்கள் ஹரீரியின் ‘மகாமாத்’தை மறந்திருக்க மாட்டார்கள். மறக்க விரும்பினாலும் இயலாது. அதன் ஒவ்வொரு வரிக்கும் அகராதியைப் புரட்டிக் கண் பூத்துப் போனவர்கள் நாம். ஐம்பது மகாமாக்கள், ஐம்பதிலும் ஒரே கதைநாயகன், அபூஸைத் அஸ்ஸரூஜீ. இன்று ஓர் ஊரில் கண்ணிழந்த கிழவன்; நாளை வேறோர் ஊரில் நொடித்துப்போன செல்வன்; மறுநாள் கேட்போரைத் தேம்பி அழவைக்கும் உபதேசி. வேடத்துக்கு வேடம் மாறி, நாவன்மை ஒன்றையே முதலாக வைத்து மக்களின் பணப்பையை அவிழ்க்கச் செய்து மறைந்துவிடுகிற சாமர்த்தியசாலி அவன்.

இந்நூல் பிறந்த கதையை உரையாசிரியர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஹரீரி (1054–1122) பஸராவைச் சேர்ந்தவர். அங்கே பனூ ஹராம் கூட்டத்தார் பள்ளிவாசலில் ஒருநாள் கந்தலாடையோடு ஒரு முதியவர் எழுந்து நின்றார். எவ்வூர் என்று கேட்டார்கள், ஸரூஜ் என்றார். பெயர் கேட்டார்கள், அபூஸைத் என்றார். தம் பிள்ளையை ரோமர்கள் சிறைபிடித்துச் சென்றுவிட்டதாகச் சொல்லி உதவி வேண்டினார். அவருடைய பேச்சின் அழகில் சபை மயங்கிற்று. அன்று மாலை ஹரீரியின் இல்லத்தில் கூடிய பிரமுகர்களோ, அதே மனிதரை வெவ்வேறு பள்ளிகளில் வெவ்வேறு கோலத்தில், வெவ்வேறு கதையோடு கண்டதாகச் சொல்லி வியந்தனராம். அந்த இரவே ஹரீரி எழுத அமர்ந்தார் என்பர். அன்று எழுதியதுதான் இன்று நூலில் நாற்பத்தெட்டாவதாக நிற்கும் ‘ஹராமிய்யா’.

இந்த வரலாற்றை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்களும் ஆண்டுதோறும் சிரிப்பதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. “ஹஜ்ரத், அந்தப் பெரியவர் உண்மையாகவே அகதியாக இருந்திருந்தால்?” என்று கேட்டார்.

கேள்வி அற்பமானதன்று. ஸரூஜ் நகரம் 1101ல் சிலுவைப் படையினர் கைக்குப் போனது வரலாறு. ஊரை இழந்தவர்கள் அக்காலத்தில் ஈராக்கின் பள்ளிவாசல்களில் வந்து நின்றிருக்கக்கூடியவர்களே. ஒரே துயரத்தைப் பத்துப் பள்ளிகளில் பத்து விதமாகச் சொன்னான் என்பது ஒருவன் பொய்யன் என்பதற்குச் சான்றாகுமா? பசித்தவன் சபைக்குத் தக்கபடி தன் துயரத்தை மாற்றிச் சொல்லித்தான் பார்ப்பான். அவர் உண்மையில் எதை இழந்தார் என்பது எவருக்கும் தெரியாது. நம் கையில் இருப்பது ஹரீரியின் சொல்லணி. அந்த மனிதரின் சொல் ஒன்றுகூட இல்லை. தொள்ளாயிரம் ஆண்டுகளாக அறபு கற்ற உலகம் அவரை ஏமாற்றுக்காரராகவே அறிந்து வந்திருக்கிறது.

அந்த ஸரூஜ் இன்று துருக்கி நாட்டில், சிரியாவின் எல்லையோரத்தில், ஸுருச் என்ற பெயரோடு இருக்கிறது. 2014 செப்டம்பரில் கோபானி நகரம் தாக்கப்பட்டபோது, குர்து மக்கள் பல்லாயிரவர் குழந்தை குட்டிகளோடு எல்லை தாண்டி வந்து நின்றது அந்த ஊரில்தான். அகதி எனச் சொல்லிக்கொண்ட அபூஸைதின் ஊர் அகதிகளின் புகலிடமாயிற்று!

மாணவரின் கேள்விக்கு விடை தேடிப் போனபோதே நாம் சில நாடகங்களையும் ஒலிப்பதிவுகளையும் அறிந்தோம். நாடகம் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லிவைப்போம். மங்கோலியர் படையெடுப்பால் நிலைகுலைந்த மௌஸில் நகரிலிருந்து கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்த கண் மருத்துவர் இப்னு தானியால், பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நிழற்கூத்துக்காக மூன்று நாடகங்கள் எழுதியிருக்கிறார். அவற்றுள் ஒன்றில் பாம்பாட்டி, கயிற்றில் நடப்பவன், போலி வைத்தியன், தாயத்து விற்பவன் என்று கடைத்தெருவே வரிசையாக வந்து தன் தொழிலைச் சொல்லிப் போகிறது. (ஆபாசமும் உண்டு, வகுப்பில் வைத்துப் பாடம் சொல்லத்தக்கவை அல்ல.) எனினும் அங்கும் பேசுவது இப்னு தானியாலின் நாவே.

2013ல் ஜோர்தானின் தலைநகர் அம்மானில் நடந்தது வேறு. சிரியாவிலிருந்து தப்பி வந்த பெண்கள் சிலர் ஒன்றுகூடி, யூரிப்பிடீஸ் என்ற கிரேக்கர் கி.மு. 415ல் இயற்றிய ‘டிராய் நகரப் பெண்கள்’ நாடகத்தை அறபில் நடித்தார்கள். இயக்கியவர் சிரியரான உமர் அபூ ஸஅதா. அப்பெண்களில் பெரும்பாலோர் அதற்குமுன் மேடையைக் கண்டவர்கள் அல்லர். வீட்டைப் பேணி வாழ்ந்தவர்கள். வீழ்ந்த நகரின் பெண்களைப் பற்றிய பழைய நாடகத்தின் நடுவே அவர்கள் தத்தம் கதையைத் தத்தம் வாயால் சொன்னார்கள்: விட்டு வந்த வீடு, திரும்பி வராத மகன், எல்லையைக் கடந்த இரவு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யூரிப்பிடீஸ் அந்நாடகத்தை அரங்கேற்றியது தோற்றவர்கள் முன்னிலையில் அன்று. அதற்கு முந்திய ஆண்டுதான் ஏதென்ஸ் நகரத்தார் மீலோஸ் தீவை வென்று, ஆடவரைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றிருந்தார்கள். அந்த ஏதென்ஸ் நகரத்தாரே பார்வையாளராய் அமர்ந்திருந்தனர். அம்மான் மேடைக்கு எதிரே அமர்ந்திருந்தவர்களோ பெரும்பாலும் இரக்கம் கொண்டவர்கள். எந்தக் காதுக்குப் போக வேண்டுமோ அந்தக் காதுக்கு அது எட்டியிராது என்பதே எமது எண்ணம்.

அப்பெண்களின் அச்சமும் சிறிதன்று. சிரியாவில் உறவினர் இருக்க, இங்கே முகம் தெரிந்துவிட்டால் அங்கே என்ன நேருமோ என்ற கவலை. குடும்பத்தார் விரும்பாமையால் இடையில் விலகியவர்களும் உண்டு. தொடக்கத்தில் வந்தவர்களில் ஒரு பகுதியினரே மேடையேறினர். இம்முயற்சியை யாஸ்மின் ஃபத்தா என்ற பெண்மணி ‘சிரியாவின் அரசியர்’ என்னும் ஆவணப்படமாக 2014ல் வெளியிட்டார். அதே ஆண்டில் வாஷிங்டனில் நடிக்க அழைப்பு வந்தது; விசா மறுக்கப்பட்டது. கதைக்கு எல்லை தாண்ட உரிமை இருந்தது. கதை சொன்னவர்களுக்கு இல்லை. 2016ல் பிரிட்டனின் பல நகரங்களில் அந்நாடகம் நடைபெற்றதென்பது ஆறுதல்.

லெபனானில் பெய்ரூத் நகருக்கு அருகே ரூமியா என்னும் சிறை. அந்நாட்டின் மிகப் பெரிய சிறை. கொள்ளளவைப் போல் பல மடங்கு கைதிகள் அடைபட்டுக் கிடப்பது. அங்கே ஸைனா தக்காஷ் என்ற நாடகக் கலைஞர், அதிகாரிகளிடம் நெடுநாள் போராடி அனுமதி பெற்று, 45 கைதிகளைக்கொண்டு 2009ல் ஒரு நாடகம் நிகழ்த்தினார். அமெரிக்கரான ரெஜினால்ட் ரோஸ் எழுதிய ‘கோபங்கொண்ட பன்னிருவர்’ கதையின் தழுவல் அது. தந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞனுக்குத் தீர்ப்புச் சொல்லப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். பதினொருவர் குற்றவாளி என்கிறார்கள். ஒருவர் மட்டும் ஐயப்படுகிறார். இதைக் கொலைக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனை பெற்றவர்கள் நடித்தார்கள். எழுத்தறியாதவரும் அவர்களில் உண்டு. இடையிடையே கைதிகள் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைத்தனர். தீர்ப்புக்கு ஆளானவர்கள் தீர்ப்பளிக்கும் ஆசனத்தில் அமர, அமைச்சர்களும் நீதிபதிகளும் எதிரே அமர்ந்து கேட்டார்கள்.

அதன் அறபுத் தலைப்பு ‘12 லுப்னானீ காளிப்’. நஹ்வு படித்தவர் காதில் இது நாராசமாக விழும்; எண்ணுக்குப் பின் ‘லுப்னானிய்யன் காளிபன்’ என்றல்லவா இருக்க வேண்டும்? நாமும் முதலில் அப்படித்தான் புருவத்தை உயர்த்தினோம். ஆனால் கைதிகள் பேசுவது கைதிகளின் அறபு. அதற்கு இஃராப் பூட்டினால் மீண்டும் ஹரீரியே பேசத் தொடங்கிவிடுவார்.

நன்னடத்தையுள்ள கைதிகளின் தண்டனையைக் குறைக்கும் சட்டம் ஒன்று லெபனானில் 2002லேயே இயற்றப்பட்டு நடைமுறைக்கு வராமல் கிடந்தது. நாடகம் நடந்த அதே 2009ல் அது செயலுக்கு வந்தது. மேடை ஒன்றே காரணம் என்று சாதிக்க மாட்டோம். ஆயினும் கேட்க வேண்டியவர்களை எதிரே உட்காரவைத்த நாடகம் அது. அம்மானுக்கும் ரூமியாவுக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இனி ஒலியின் செய்தி. 1957ல் இங்கிலாந்தில் தடை பழுதாகி ஓடிய சரக்கு ரயிலை விட்டுக் குதிக்காமல் நின்று உயிர் நீத்தவர் ஜான் ஆக்ஸன் என்ற ஓட்டுநர். அவருடன் வேலை செய்தோரிடம் சார்லஸ் பார்க்கரும் இவான் மெக்காலும் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று பல மணி நேரம் பதிவு செய்தார்கள். தொழிலாளர் சொன்னதை எழுதிவாங்கி, நடிகரைக்கொண்டு வானொலியில் பேசவைப்பதே அந்நாளைய வழக்கம். பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்ட மெக்காலுக்கு அந்தக் குரல்களை நடிகரிடம் ஒப்படைக்க மனம் வரவில்லை. தொழிலாளர் குரலையே பாடல்களோடு தொடுத்து 1958ல் ஒலிபரப்பினார்கள். பெக்கி சீகரும் பங்குகொண்ட இவ்வரிசையில் மீனவர், சுரங்கத் தொழிலாளர், இளம்பிள்ளை வாதத்தால் முடங்கியவர் என எட்டு நிகழ்ச்சிகள் வந்தன. 1964ல் வந்த கடைசி நிகழ்ச்சி நாடோடி மக்களைப் பற்றியது.

ஹதீதுக் கலை பயின்றவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆசிரியர் வாயிலிருந்து நேரே கேட்பதாகிய ‘ஸமாஉ’ அறிவிப்பு முறைகளில் உயர்ந்ததென்று நம் முன்னோர் வகுத்தார்கள். சொல்லை மாற்றாமல் அறிவிப்பது வேறு. கருத்தைத் தன் சொல்லில் அறிவிக்கும் ‘ரிவாயத் பில்மஃனா’ வேறு. பின்னதை அனுமதித்தவர்களும் மொழியறிவு மிக்கவருக்கே அனுமதித்தார்கள். யாரிடம் கேட்டோம் என்பதை மூடி மறைப்பது ‘தத்லீஸ்’ என்ற குறை. பிறர் துயரத்தைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, தம் பெயரில் உலவவிடும் இக்காலத்தவர் இவ்விதிகளை ஒருமுறை ஓதிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் இங்கே மாறுபடும்: துன்புற்றவர் பெயரை மறைப்பது குறையன்று, பல வேளைகளில் கடமை.

எமது ஊரில் வளைகுடா நாடொன்றில் பதினேழு ஆண்டுகள் வீட்டு வேலை செய்து திரும்பிய மூதாட்டி ஒருவர் இருக்கிறார். லாத்தா என்றே அழைப்போம். அவர் கதையை எம் மகளும் அவள் தோழியரும் அஸருக்குப் பின் நான்கு நாட்கள் அமர்ந்து கைப்பேசியில் பதிவு செய்தார்கள். அவர் அனுமதியோடு நாமும் கேட்டோம். சமையற்கட்டில் அவர் கற்ற அறபு எமக்குப் பாதி விளங்கவில்லை. ஜன்னலுக்கு ‘நாஃபிதா’ என்று ஓதியவர்கள் நாம். அவர் ‘தரீஷா’ என்றார். கரண்டிக்கு ‘மில்அகா’ அறிந்த எமக்கு அவருடைய ‘காஷூகா’ புதிது. தாயார் மௌத்தான செய்தி நான்கு மாதம் கழித்துக் கடிதத்தில் வந்ததையும், அன்றும் விருந்துக்குச் சமைத்ததையும் அவர் குரல் உயராமல் சொல்லியிருந்தார்.

பெண்கள் பதிவைச் செம்மை செய்து அவருக்கே போட்டுக் காட்டினார்கள். அந்தக் கடிதப் பகுதி வந்ததும் நிறுத்தச் சொன்னார். “புள்ள, நான் இங்கே கொஞ்ச நேரம் பேசாம இருந்தேனே, அது எங்கே போச்சு?” என்றார். கேட்போர் சலிப்பரென்று கருதி மகள் அந்த மௌனத்தை நீக்கியிருந்தாள். மறுநாள் அது திரும்பச் சேர்க்கப்பட்டது. தாம் தூக்கி வளர்த்த அவ்வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் வர வேண்டாம் என்றார், நீக்கினார்கள். பெண்கள் மதரஸாவில், பெண்கள் மட்டும் இருக்கும்போது ஒலிக்கலாம், கைப்பேசியில் எவருக்கும் அனுப்பக்கூடாது என்று தம் இஜாஸத்தின் எல்லையையும் அவரே வகுத்தார். இதுவரை இருமுறை ஒலித்திருக்கிறது. அதை நாடகமாக்கி ஆண்டு விழாவில் நடிக்கலாமா என்று மாணவியர் கேட்டிருக்கிறார்கள். தம்முடைய வேடத்தை யார் போடுவது என்று லாத்தா திருப்பிக் கேட்டிருக்கிறார், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.