வளாகத்தில் எதை நிறுத்துவது?

திங்கள்

கல்லூரி வளாகத்தில் நிறுவ வேண்டிய கலைப்படைப்புக்காக மாணவர்கள் தந்த முன்மொழிவுகள் இன்று எங்கள் தேர்வுக் குழுவின் மேசைக்கு வந்தன. முதல் வேலையாகப் பெயரையும் துறையையும் மறைத்து எண் மட்டும் இட்டோம். வாஷிங்டன் வியட்நாம் போர் நினைவிடத்துக்கு 1981-இல் நடந்த போட்டியிலும் பெயர்களை மறைத்தே நடுவர்கள் பார்த்தார்கள். 1,421 வடிவமைப்புகளிலிருந்து அவர்கள் எடுத்தது மாயா லின் என்ற யேல் பல்கலைக்கழக மாணவியுடையது. அப்போது அவருக்கு வயது 21. ‘நம்ம டிபார்ட்மென்ட் பையன்’ என்ற பேச்சு எழவே வழி இருக்கக் கூடாது.

புதன்

ஒரு கணினிப் படம் கண்ணைப் பறிக்கிறது. 12 அடி உயர இரும்பு மரம், மாலை வெயிலில் தகதகக்கிறது. செலவுப் பட்டியலில் எம்.எஸ். (சாதா இரும்பு) குழாய், வெல்டிங் கூலி, பெயின்ட். நாமோ கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். உப்புக் காற்றில் வெல்டிங் வைத்த இடங்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். குழாயின் வாயை அடைக்காவிட்டால் மழைநீர் உள்ளே தேங்கி அரிக்கும். பிரைமர் பற்றி ஒரு வரிகூட இல்லை. வரைந்தது தேர்ந்த கை. அதனால் தள்ளிவிட மனம் வரவில்லை. “துருவுக்கு என்ன வழி? பிள்ளைகள் ஏறினால் கிளை தாங்குமா?” என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பொருளைத் தேர்வதும் கற்பனையின் வேலைதான். சாந்திநிகேதனில் ராம்கிங்கர் பெய்ஜ் 1938-இல் ‘சந்தால் குடும்பம்’ சிற்பத்தைச் சிமென்டும் அந்த ஊர்ச் செம்மண் சரளையும் கலந்தே செய்தார். குழந்தையும் நாயும் உடைமைகளுமாக நடக்கும் அந்தக் குடும்பத்தின் மேனியில் அந்த நிலத்தின் சொரசொரப்பே இருக்கிறது. வெண்கலம் அந்த உணர்வைத் தந்திருக்காது.

வியாழன்

எண் 9. வெறும் பென்சில் கோடுகள். நூலகத்துக்குப் பின்னால் புங்கமரத்தடியில் வளைந்த ஒரு திண்ணை. அதன் முகப்பில் மாணவர்களே செய்து சுடும் சுடுமண் புடைப்புச் சிற்பங்கள்.

“இது பெஞ்சு சார். கலை எங்கே?” என்றார் குழுவில் ஒருவர். நியாயமான கேள்வி. தாளோடு எல்லோரும் அந்த இடத்துக்கே போனோம். மதியச் சாப்பாட்டு நேரம். துப்புரவுப் பணி செய்யும் அக்காமார் வேரின் மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

“இங்க ஒரு திண்ணை கட்டினா எப்படிக்கா இருக்கும்?”

“மேக்க பாத்து கட்டிடாதீங்க சார். சாயங்காலம் வெயில் மூஞ்சியிலயே அடிக்கும்.”

தாளைப் புரட்டினோம். நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று மணிவாரியாகக் குறித்து, திண்ணையைக் கிழக்கு முகமாக வரைந்திருந்தது. வேரில் கடைக்கால் படாமல் தள்ளிப் போட்டிருந்தது. ஒரு சிற்பம் உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றவும் வழி இருந்தது. கேள்வி கேட்டவரே, “இந்தப் பிள்ளை இங்கே வந்து நின்று பார்த்திருக்கு” என்றார்.

சனி

இறுதிக் கூட்டம். நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசாவில் ரிச்சர்ட் செர்ரா 1981-இல் எழுப்பிய 120 அடி நீள எஃகுச் சுவரைப் பற்றிச் சொன்னேன். பெரிய கலைஞர், வலுவான படைப்பு. ஆனால், தினமும் அதைச் சுற்றி நடக்க வேண்டியிருந்த ஊழியர்கள் பலர் எதிர்த்தார்கள். 1989-இல் அகற்றிவிட்டார்கள். மாயா லின் வடிவமைப்புக்கும் கடும் எதிர்ப்பு இருந்தது. இன்று மக்கள் அந்த நினைவிடத்தின் சுவரில் பொறித்த தம்மவர் பெயரைத் தொட்டு நிற்கிறார்கள். ஆகவே ஊரார் விருப்பத்தை வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது. அங்கே புழங்குகிறவர்களை முன்பே பார்த்துப் பேசிப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கலைஞர் துணிச்சலாகவே செய்யட்டும்.

எண் 9-ஐப் பரிந்துரைத்தோம். கூடவே இரண்டு நிபந்தனைகள் கேட்டேன். பராமரிப்புக்கான தொகையைத் திட்டச் செலவிலேயே ஒதுக்க வேண்டும். தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். “தேர்வாகவில்லை” என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து எந்த மாணவரும் எதையும் கற்க முடியாது. கல்லூரி நடத்தும் போட்டியில் தோற்றவரும் கற்றுக்கொண்டு போக வேண்டும்.