ஓடுதுங்களா, உறுமுதுங்களா?

இந்த வருஷம் ஃபைனல் இயர் ரிவ்யூவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்க. எந்த டீம் வந்தாலும் சாட்பாட்! அதிலும் மெக்கானிக்கல் பசங்க என்றால் 'தொழிற்சாலைக்கான சாட்பாட்'. எங்க டீமும் அதில் ஒன்றுதான், அதனால் கிண்டல் பண்ண எனக்கு உரிமை இருக்கு.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். சர்வீஸ் டெஸ்க்கில் ஒரு சீனியர் டெக்னீஷியன் அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தோட்டத்திலிருந்து போன் வரும்: "மோட்டாரு போட்டா தண்ணி வரலைங்க." அண்ணன் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஓடுதுங்களா, உறுமுதுங்களா?"

இந்த ஒரு கேள்விக்குள் பாதி சிலபஸ் இருக்கு. மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் ஃபுட் வால்வு ஒழுகியிருக்கலாம், சக்‌ஷன் பைப் காற்று இழுக்கலாம், மூணு ஃபேஸ் மோட்டாராக இருந்தால் ஃபேஸ் மாறி எதிர்ப்பக்கம் சுத்தலாம். இதெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் சுத்தாமல் உறுமுகிறது என்றால் கதையே வேற. மூணு ஃபேஸில் ஒரு ஃபேஸ் போயிருக்கலாம். சிங்கிள் ஃபேஸ் என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். யோசித்துக்கொண்டே ஆனில் விட்டால் காயில் கருகிடும். அதனால் அண்ணன் காரணம் எதுவும் சொல்ல மாட்டார். "மொதல்ல ஆஃப் பண்ணுங்க" என்பார்.

'உறுமுது' என்ற வார்த்தையை மேனுவலில் தேடிப் பார்த்தேன். இல்லை. இங்கேதான் நம்ம ப்ராஜெக்ட் மாட்டும். இந்த மாதிரி பாட் பெரும்பாலும் மேனுவலைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து, கேள்விக்குப் பொருந்துகிற துண்டைத் தேடி எடுத்து, அதிலிருந்து பதில் சொல்லும். உறுமல் என்றால் ஏதோ சத்தம் என்று எடுத்துக்கொண்டு, பேரிங் பக்கத்தை அது நீட்டினாலும் ஆச்சரியமில்லை. அதுவும் துளிகூடத் தயங்காமல், நல்ல தமிழில்! அந்த நேரத்துக்கு அங்கே காயில் சூடாகிட்டிருக்கும்.

இதற்காக இந்த ஐடியாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சீமென்ஸும் மைக்ரோசாஃப்ட்டும் 2023-லேயே தொழிற்சாலைக்கென்று கோபைலட் அறிவித்துவிட்டார்கள். ஷாப் ஃப்ளோரில் தேவையும் நிஜம். ஒடிசாவிலிருந்து வந்த பையன் நைட் ஷிஃப்டில் நிற்கிறான், திரையில் அலாரம் இங்கிலீஷில் வருது. மூணாவது தடவை சூப்பர்வைசரைக் கேட்கக் கூச்சம். பாட் ஒடியாவிலேயே பதில் சொல்லும், திட்டாது. (ஆனால் பிரஸ் ஓடுகிற சத்தத்தில், காதில் பிளக், கையில் கிரீஸோடு அவன் எப்படிக் கேள்வி கேட்பான் என்று எந்த ரிவ்யூவிலும் யாரும் கேட்டதில்லை.)

எனக்கு உறுத்துவது வேறு. பாட்டுக்குத் தேவையான அறிவு மேனுவலில் இல்லை, அந்த அண்ணன் தலையில் இருக்கு. அவர் பேசிய கால்களை ரெக்கார்ட் எடுத்தால் அருமையான டேட்டாசெட். அதைச் சொன்னதும் சிரித்தார். "எல்லாத்தையும் மெஷினுக்குச் சொல்லிக் குடுத்துட்டா, அப்புறம் எனக்கென்னங்க தம்பி வேலை?"

சிரிச்சுட்டேதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்போதைக்கு எங்க பாட்டில் அந்தக் கேள்வியைத்தான் முதலில் வைத்திருக்கோம். 'உறுமுது' என்று பதில் வந்தால் அது மேனுவலைத் தேடாது. சுவிட்சை ஆஃப் பண்ணச் சொல்லும், கெப்பாசிட்டரைத் தொடாதீங்க என்று சொல்லும், காலை நேராக சர்வீஸ் டெஸ்க்குக்குத் தள்ளிவிடும். கைடுக்கு இது பிடிக்கவில்லை, "ஆட்டோமேஷன் பத்தல" என்கிறார். அடுத்த ரிவ்யூ வெள்ளிக்கிழமை.