இடம் விட்டுத் துளைத்த ஜன்னல்

எங்கட கல்முனைக் கரையில் இப்ப வீடு கட்டினால் எல்லாரும் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்தான். உப்பும் மணலும் படிந்து இறுகினால் கழட்டிப் புதுசு போடுவார்கள். திருத்துறது யாருக்கும் ஞாபகமே வராது.

இரத்மலானை விமானப்படை நூதனசாலையில் சிப்மங்க் விமானத்தைப் பார்த்தபோது எங்களுக்கு இதுதான் தோணினது. 1946இல் கனடாவில் முதன்முதல் பறந்த சின்னப் பயிற்சி விமானம். 1951இல் இலங்கையில் விமானப்படை தொடங்கியபோது முதலில் வந்ததும் இந்த ரகம்தான். முன்னும் பின்னுமாய் இரண்டு இருக்கை; மேலே பின்பக்கம் இழுத்துத் திறக்கிற கண்ணாடிக் கூடு.

உண்மையில் அது கண்ணாடி இல்ல, அக்ரிலிக். வெயிலில் காலப்போக்கில் மஞ்சளாகும், மயிரளவு கோடு விழும். பெற்றோல் துணி ஆகாது, சவர்க்காரத் தண்ணிதான். கீறலை, ஒன்றைவிட ஒன்று மெல்லிய சேண்ட் பேப்பரை நனைத்துத் தேய்த்துத் தேய்த்துப் போக்க வேண்டும். புதுத் தகடு பூட்டும்போது துளையை ஆணியைவிடக் கொஞ்சம் பெருசாய்ப் போட வேண்டும். சூட்டில் தகடு விரியும். இடம் இல்லாட்டி வெடிக்கும்.

விமானப்படை என்றதும் எங்கட மூத்தவர்களுக்கு யுத்தம்தான் ஞாபகம் வரும். தேய்த்துத் துடைக்கிறதால் அது போகாது, போகவும் கூடாது. ஆனா பழசைக் காக்கிற இந்தப் பொறுமையை நாங்க எடுத்துக்கொள்ளலாம். 2004 சுனாமிக்கு மிஞ்சின மரக் கதவுகளும், மருதமுனைத் தறிகளும் எங்கட கையில்தானே இருக்கு? அதுகளைத் திருத்தத் தெரிந்த ஆக்கள் இருக்கும்போதே, பக்கத்தில் இருந்து கேட்டுப் படிப்போமே.