உறியும் மக்ரமேயும்

வீட்டு அலங்காரத்துக்கென நம்மவர் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு இந்நாளில் முடிச்சுக் கயிற்றுக்கும் போகின்றது. வெள்ளைப் பருத்திக் கயிற்றை முடிந்து, பூந்தொட்டியைத் தொங்கவிடும் இவ்வேலைக்கு ‘மக்ரமே’ என்று பெயர். காம்பார்க் கடைத்தெருவில் அதன் விலையைக் கேட்டுவிட்டு நாம் வாளா வந்ததுண்டு.

இச்சொல் அரபு மொழியிலிருந்து வந்தது என்பர். துணியின் ஓரத்து நூல்களை முடிந்து அழகு செய்த இத்தொழில் ஐரோப்பாவிற் பரவி, விக்டோரியா மகாராணியார் காலத்தில் ஆங்கில மாதரின் பொழுதுபோக்காயிற்று. 1970 ஆம் ஆண்டுகளில் மீண்டும் தலையெடுத்தது. இவ்வளவும் ஆங்கிலப் படிப்பு நமக்குத் தந்த அறிவு.

அப்படிப்புச் சொல்லித் தராததும் ஒன்றுண்டு. நம் பாட்டியார் பால்மரம் வெட்டி வந்தபின், லயத்து வாசலில் அமர்ந்து, தேங்காய்நார்க் கயிற்றால் உறி கட்டுவார். பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் குழம்புச் சட்டி அதில் தொங்கும். அடியில் பிரிமணை, அதிலிருந்து நான்கு பிரி, உச்சியில் ஒரே முடிச்சு. கடையில் தொங்கும் மக்ரமேயின் அமைப்பும் ஏறக்குறைய இதுவேயன்றோ? சமண முனிவர் தம் நீர்க்கலத்தைத் தொங்கவிட்ட நூலுறியை மதுரைக்காஞ்சி ‘சிமிலி’ என்கிறது. ஆகவே இது நமக்கு இரவற் கலையன்று.

ஆயினும், பாட்டியார் முடிந்தால் அது கூலிக்காரி வீட்டுக் கயிறு; பிறமொழிப் பெயர் சூட்டிக் கண்ணாடிக்குள் வைத்தால் கலை. கையால் உழைப்பது இழிவு என்னும் எண்ணமே இதற்கு வேர். கிராணி வேலையிலிருக்கும் நம் போன்றோர் வீடுகளில் இவ்வெண்ணம் மிகுதி. இது ஒழிய வேண்டும்.

செய்முறை எளிது. 12 அடிக் கயிறுகள் 8 எடுத்து, ஒரு வளையத்தில் நடுவே மடித்து மாட்டினால் 16 இழைகளாகும். அவற்றை நான்கு நான்காகப் பிரித்துக்கொள்க. ஒவ்வொரு பிரியிலும் நடு இழை இரண்டும் அசையாதிருக்க, ஓர இழை இரண்டையும் அவற்றின்மேல் முடிந்து வருக. ஒரே பக்கமாக முடிந்தால் பிரி திருகிக்கொள்ளும். இடமும் வலமும் மாற்றி முடிந்தால் பட்டையாக நிற்கும். கீழே, ஒரு பிரியின் இரண்டிழையை அடுத்த பிரியின் இரண்டிழையோடு சேர்த்து முடிந்தால் வலையாகும். பின்னர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தொட்டியை வைக்கலாம்.

தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. லயத்தை விட்டு நம்மவர் பலர் அடுக்குமாடி வீடுகளிற் குடியேறினர். அங்கே உறி கட்ட உத்தரமில்லை. ஆயினும் சன்னலோரத்தில் ஒரு கொக்கி போதும். சகோதரிகளே, நீங்களே செய்து மாட்டுங்கள். செய்து விற்பினும் இழுக்கில்லை. வீட்டு ஆடவரும் உடன் அமர்ந்து முடியட்டும். இஃதென்னவென்று வருவோர் வினவினால், ‘உறி’ என்றே கூசாமல் விடை பகருங்கள்.