உதடு அசையாதது பாதி வேலைதான்

பேசும் பொம்மைக் கலையைப் பழகுகிற தமிழனை முதலில் மடக்குபவை ‘அம்மா’, ‘அப்பா’ என்ற இரண்டு சொற்கள். இதழ் கூடாமல் பகரமும் மகரமும் பிறக்காது என்று தொல்காப்பியமே பிறப்பியலில் சொல்லிவிட்டது. நாங்கள் இதழின் வேலையை நாக்குக்குக் கொடுக்கிறோம். ‘ப’ வரவேண்டிய இடத்தில் நாக்கின் நுனியை மேற்பல்லுக்குப் பின்னால் அழுத்தி, மனத்தில் ‘ப’வை நினைத்துக்கொண்டே ‘த’வை மென்மையாக விடுவோம். ‘ம’வுக்கு அதே இடத்தில் ‘ந’, மூக்கில் சற்றுக் கூடுதல் காற்றோடு. தனி எழுத்தாகக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ‘பள்ளிக்கூடம்’ என்று முழுச்சொல்லாக ஓடும்போது கேட்பவர் காதே அதைத் திருத்திக்கொள்ளும். வாயைத் திறந்து மூடுவது பொம்மை என்பதால், குரலும் அங்கிருந்தே வருவதாகக் கண் முடிவுகட்டிவிடுகிறது. குரலை யாரும் எங்கும் தூக்கி எறிவதில்லை.

எங்களுக்கு மைக் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மியூசிக் ஹால்களிலும் அமெரிக்க வாட்வில் அரங்குகளிலும் ஆடியவர்களுக்கு அது இல்லை. தொண்டையை இறுக்கி எழுப்பும் பொம்மைக் குரலை மாடி கடைசி வரிசை வரை கொண்டுபோக வேண்டும், உதடும் அசையக்கூடாது. அந்த மூச்சுப் பயிற்சியை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

அவர்களில் ஆர்தர் பிரின்ஸ் கடற்படை அதிகாரி உடையில் வருவார். மடியில் ஜிம் என்ற மாலுமிப் பையன். பிரின்ஸ் வாயில் சுருட்டு இருக்க, ஜிம் பேசிக்கொண்டிருப்பான். 1912இல் லண்டன் பேலஸ் தியேட்டரில் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னால் நடந்த நிகழ்ச்சியில் இந்த ஜோடிக்கும் இடம் கிடைத்தது. அமெரிக்காவில் ‘தி கிரேட் லெஸ்டர்’ தண்ணீர் குடித்துக்கொண்டே தன் பொம்மையைப் பாட வைத்தார். அவருடைய டெலிபோன் காட்சிதான் எனக்கு இதைவிடப் பெரிது. தன் குரல், பொம்மையின் குரல், ரிசீவருக்குள்ளிருந்து கேட்கும் மெலிந்த தூரக்குரல், மூன்றும் ஒரே தொண்டையிலிருந்து மாறி மாறி வரவேண்டும்.

ஆனாலும் இந்தக் கலையின் போக்கை மாற்றியவர் என்று நான் கும்பிடுவது ஃபிரெட் ரஸ்ஸலை. அவருக்கு முன்னால் மேடையில் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, எத்தனை குரல் எடுக்க முடியும் என்று காட்டுவதே பெரும்பாலோர் வழக்கம். ரஸ்ஸல் ஒரே ஒரு பொம்மையை மடியில் வைத்தார். காஸ்டர் ஜோ: லண்டன் தெருவில் தள்ளுவண்டியில் காய்கனி விற்கும் வாய்த்துடுக்குப் பையன். 1896இல் அதே பேலஸ் தியேட்டரில் ஜோ ஏறிய பிறகு மேடையில் நடந்தது இருவர் பேச்சு. ஒருவனோடு வாக்குவாதம் செய்ய வேண்டுமென்றால் அவனுக்கு ஒரு குணம் வேண்டும், கோபம் வேண்டும், நம்மைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வேண்டும். பத்துப் பொம்மைகளுக்கு அதைக் கொடுக்க நேரமே இருக்காது.

ரஸ்ஸல் செய்தது சரி என்பதற்கு வானொலியே சாட்சி. லெஸ்டரிடம் பாடம் கேட்ட எட்கர் பெர்கன், 1936 டிசம்பரில் சார்லி மெக்கார்த்தி என்ற மரப்பொம்மையோடு அமெரிக்க வானொலியில் வந்தார். உதட்டையே பார்க்க முடியாத இடத்தில் இந்த வித்தைக்கு என்ன வேலை என்று தோன்றும். அடுத்த ஆண்டே அவர்களுக்கென்று தனி நிகழ்ச்சி அமைந்தது; நாடே சார்லிக்காகக் காத்திருந்தது. பெர்கனின் உதடு அசைகிறது என்று சார்லியே கேலி செய்வான். அதனால் யாருக்கும் அவன்மேல் நம்பிக்கை குறையவில்லை.

இப்போது கற்க வரும் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் உதட்டையே பார்த்துக்கொண்டு மாதங்களைக் கழிக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பயிற்சி நேரத்தில் பாதியையாவது பொம்மையின் பேச்சைக் கேட்கப் பழகுவதற்குக் கொடுங்கள். அது பேசும்போது அதன் முகத்தைப் பாருங்கள். அது சொல்லி முடித்ததும் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். நீங்கள் பேசும்போது அதன் தலை உங்கள் பக்கம் திரும்பட்டும். ‘ப’வும் ‘ம’வும் அதற்குள் தானாகப் படிந்துவிடும்.