வண்டி வாங்கப் போய் நான் படித்த பாடம்



வாசலில் நிற்கும் ஸ்கார்பியோவின் படத்தைப் போன வாரம் போட்டதும் பல பேர் போன் செய்தீர்கள். "சார், இந்த வயசுல இவ்வளவு பெரிய வண்டியா?" என்று சிலர். "பழசு வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்கினீங்க?" என்று சிலர். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நான் வாங்கும் இரண்டாவது பழைய வண்டி. முதல் வண்டியின் கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்.

2017ல் ஓய்வுபெற்றபோது கையில் கொஞ்சம் பணம் வந்தது. ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி ஒன்று தெரிந்தவர் மூலம் வந்தது. எந்தக் கம்பெனி, யார் விற்றது என்று கேட்காதீர்கள். பெயின்ட் பளபளப்பாக இருந்தது. சர்வீஸ் புத்தகத்தைக் கேட்கலாம் என்று தோன்றியது, கேட்கவில்லை. கேட்டால் நம்பவில்லை என்று நினைத்துவிடுவாரே என்ற கூச்சம். முப்பது வருடத்துக்கு மேல் ஒரு நோட்டைக்கூடத் திருத்தாமல் விடாதவன், நாலரை லட்சம் கொடுத்த இடத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூர் கணவாய் உங்களுக்குத் தெரியாததல்ல. சேலம் பக்கம் இறங்கும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் எத்தனை உயிர்களை வாங்கிய இடம்! நாங்கள் ஏறும் பக்கம் வந்துகொண்டிருந்தோம். பாதி ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சரசரவென்று மேலே போனது. பானெட்டிலிருந்து ஆவி. ஓரம் கட்டினேன். கண்ணில் கட்டுடன் அம்மா, பக்கத்தில் விசிறிக்கொண்டு என் மனைவி. எங்களை ஒட்டி லாரிகள் உறுமிக்கொண்டு ஏறின. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வேறு வண்டி கிடைத்தது.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. "ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது திறந்து பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும் சார், தண்ணியில ஆயில் மிதக்குது" என்றார் மெக்கானிக். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகு ஒரு வருடம் செலவு செய்து பார்த்துவிட்டு, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து அம்மா ஒரே பிடிவாதம்: "நீ வாங்கின வண்டியா? நான் பஸ்ஸிலயே வரேன்."

ஏழு வருடம் பஸ்ஸும் வாடகைக் காருமாக ஓடியது. அம்மாவுக்கு எண்பத்தாறு ஆனது. தங்கை வீட்டுக்கு மலைப்பாதை. பேரப்பிள்ளைகள் வந்தால் ஒரே வண்டியில் போக முடியவில்லை. மறுபடியும் ஆசை வந்தது. இந்த முறை தனியாகப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். என்னிடம் ஏழாம் வகுப்பு படித்து, இப்போது தருமபுரியில் பட்டறை வைத்திருக்கும் மாணவனைக் கூப்பிட்டேன். அன்று கணக்கில் நான் அவனைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தவன். இன்று அவன் எனக்குப் பாடம் எடுத்தான்.

முதலில் ஓசூர் புரோக்கர் ஒருவர் காட்டிய 2014 மாடல் ஃபார்ச்சூனர். டெல்லிப் பதிவு. நம் ஊர் விலையைவிட மிகவும் குறைவு. நான் மயங்கிவிட்டேன். மாணவன் விளக்கினான். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டியை டெல்லியில் ஓட்டக் கூடாது என்று 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால் அங்கே விலை சரிந்து வண்டிகள் வெளிமாநிலங்களுக்கு வந்தன. வண்டி கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. வேண்டும், இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும், புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். 15 வருடம் முடிந்ததும் தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

"அதைவிட முக்கியம் சார், இந்த இன்ஜினுக்கு டைமிங் பெல்ட். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்ல மாத்தணும். மாத்தாம அறுந்தா பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே காலி. மாத்தினதுக்குப் பில் கேளுங்க" என்றான். கேட்டேன். மீட்டர் 98,000 காட்டியது. ஆனால் கிளட்ச், பிரேக் மிதிகளின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங் தோல் உரிந்திருந்தது. பில் இல்லை. திரும்பி வந்தோம். இந்த முறை கேட்டதற்கு நான் வெட்கப்படவில்லை.

"2020க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசலா வாங்குங்கப்பா" என்றான் பெங்களூரில் இருக்கும் மகன். அதற்கும் மாணவனிடம் பதில் இருந்தது. அந்த வண்டிகளில் புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும், மாற்றுவது பெரிய செலவு. என் ஓட்டம் பெரும்பாலும் ஐந்து, ஆறு கிலோமீட்டர்தான்.

கடைசியில் கிடைத்தது டி.என். 29 பதிவில் ஒரே உரிமையாளர் ஓட்டிய 2016 ஸ்கார்பியோ. விற்றவரும் நம் பள்ளியில் படித்தவர்தான். பழைய கூச்சம் மறுபடி எட்டிப் பார்த்தது. ஆனாலும் கேட்டேன். "கேளுங்க சார், இதுல என்ன இருக்கு?" என்று எல்லா பில்களையும் எடுத்து வைத்தார். கிளட்ச் தேய்ந்திருப்பதையும் முன்சக்கரப் பக்கம் சத்தம் வருவதையும் அவரே சொன்னார். ஆறரை லட்சம் கேட்டார். பட்டறைச் செலவு எண்பத்தைந்தாயிரம் என்று மாணவன் எழுதிக் கொடுத்தான். ஐந்து லட்சத்து எண்பதாயிரத்தில் முடிந்தது.

வாங்க நினைப்பவர்களுக்கு அவன் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானவை:

1. காலையில் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின்தான் உண்மை பேசும்.
2. நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும்.
3. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அப்படிப் பல வண்டிகள் கைமாறின.
4. டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018ன் 23வது வாரம்.
5. பரிவாகன் தளத்தில் கடன், இன்ஷூரன்ஸ், அபராதம் பாருங்கள். கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் நீக்கியிருக்க வேண்டும்.
6. கையில் இருக்கும் மொத்தப் பணத்துக்கும் வண்டி வாங்காதீர்கள். முதல் வருடச் செலவுக்கு ஒரு லட்சம் தனியே வையுங்கள்.

இவ்வளவு பார்த்தும் பழைய வண்டி பழைய வண்டிதான். நாளை எது போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. தெரிந்த குறையோடு வாங்கினேன் என்ற நிம்மதி மட்டும் உண்டு. ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை: உயரம். அம்மாவால் ஏற முடியவில்லை. இப்போது பின்னால் ஒரு மரமுக்காலி எப்போதும் இருக்கிறது.

போன மாதம் கண் பரிசோதனைக்கு அம்மாவைச் சேலம் அழைத்துப் போனேன். அரை மனதோடுதான் ஏறினார். திரும்பும்போது தொப்பூர் ஏற்றம் தொடங்கியதும் பின்சீட்டிலிருந்து குரல்: "டேய், அந்த முள்ளைப் பார்த்துக்கோ."

பார்த்துக்கொண்டேதான் வந்தேன். முள் பாதியிலேயே நின்றது. ஏற்றம் முடிவதற்குள் அம்மா தூங்கிவிட்டார்.

யாராவது பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால் எனக்குச் சொல்லுங்கள், அந்த மாணவனின் எண்ணைத் தருகிறேன். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்