பழகிய கையும் புதிய கருவியும்

திரேஸ்புரத்துச் சங்குகுளிகள் ஓர் அனுபவத்தை அறிவர். மூச்சடக்கி மூழ்கிய காலத்தில் தேர்ந்தவராய் விளங்கியவரும், காற்றுக்குழாயை வாயில் கவ்வி இறங்கிய முதல் நாளில் புதியவரே. கடல் மாறவில்லை, தேடும் சங்கும் மாறவில்லை. உடல் பழகிய ஒழுங்குதான் மாறிற்று. கணினித்திரையின் முன் அமர்ந்து தொழில் செய்யும் எங்களுக்கும் அந்த அனுபவம் வாய்க்கும் என்று நாங்கள் எண்ணியதேயில்லை.

நாங்கள் இருவர், உடன்பிறந்தோர். இவ்வூரில் சிறியதொரு புகைப்பட நிலையம் நடத்துகிறோம். எங்கள் தந்தையார் நெகட்டிவின் மேல் கூர்சீவிய பென்சிலால் முகங்களைத் திருத்தியவர். நாங்கள் போட்டோஷாப்பில் தொழில் பழகினோம். அதுவும் சகோதரர் இருவரின் ஆக்கமே. தாமஸ் நோல் 1987-இல் எழுதத் தொடங்கி, சகோதரர் ஜான் நோலுடன் வளர்த்த அச்செயலியை 1990-இல் அடோபி நிறுவனம் வெளியிட்டது. நாங்கள் கற்றது 2002-இல் வந்த ஏழாம் பதிப்பு. பருவையும் தழும்பையும் சுவடின்றி மறைக்கும் தூரிகை முதன்முதலாக வந்தது அதில்தான். புதுநன்மைப் படமாயினும் திருமணப் படமாயினும், எங்கள் விரல்கள் எழுத்துகளைத் தாமே தட்டும், முகங்கள் பளிங்காகும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அச்செயலியை நாங்கள் விலைகொடுத்து வாங்கியதில்லை. யாரோ பிரதி எடுத்துத் தந்த தகட்டிலிருந்து நிறுவியது அது. ஏழாம் கட்டளையை மறைக்கல்வியில் ஒப்பித்தவர்களே நாங்கள். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத பொருளைக் களவாடுவது களவாக எங்களுக்குத் தோன்றவில்லை. பழைய கணினி பழுதாகிப் புதியது வாங்கியபோது, மறுபடியும் பிரதித் தகடு தேடுவதா என்ற கேள்வி எழுந்தது. 2013-இல் அந்நிறுவனம் தன் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டிருந்தது. மாதந்தோறும் கட்டணம் செலுத்த எங்கள் வருவாய் இடந்தரவில்லை. ஆகவே கிம்ப் என்னும் செயலிக்கு மாறினோம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995-இல் தொடங்கிய பணி அது. எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். அதன் உள்ளமைப்பைத் திறந்து பார்த்து மாற்றவும் செய்யலாம்.

மாறிய முதல் வாரம் எங்கள் செருக்கு உடைந்தது. தூரிகைக்கென ‘பி’ எழுத்தைத் தட்டினால் கோடு வரையும் கருவி வந்தது. ஓரிடத்தைப் பிரதியெடுத்து மற்றோரிடத்தில் பதிக்க ‘எஸ்’ தட்டினால், வண்ணத்தை இழுத்துப் பூசும் விரல் வந்து கன்னத்தைக் கலைத்தது. தெரிவை நீக்கக் கண்ட்ரோலுடன் ‘டி’யை அழுத்தினால் படத்தின் நகல் ஒன்று தனியே திறந்துகொண்டது. மாலைக்குள் ஒரே படத்திற்கு ஏழெட்டு நகல்கள்! கால்மணிநேர வேலைக்கு இரண்டு மணிநேரம் ஆயிற்று. விசைகளை விருப்பப்படி மாற்றிக்கொள்ள வழியுண்டு என்று அறிந்தது பிறகுதான்.

அந்த வாரத்தில்தான் மூதாட்டி ஒருவர் வந்தார். கடலுக்குச் சென்று திரும்பாத மகனின் முதலாம் ஆண்டு நினைவுக்குப் படம் வேண்டும். அவரிடம் இருந்தது ஒரு திருமணக் குழுப்படம் மட்டுமே. அதில் மகனின் முகம் கட்டைவிரல் நகமளவு. அதைப் பிரித்துப் பெரிதாக்கினோம். இடப் புருவத்தின் மேல் ஒரு தழும்பு தெரிந்தது. வழக்கம்போல் விரல் ‘ஜே’யைத் தட்டியது. ஒன்றும் நிகழவில்லை. அதே பணிக்குரிய தூரிகை இங்கே ‘எச்’ என்ற எழுத்தில் இருப்பது நினைவுக்கு வரவில்லை. பட்டியலில் தேடிக்கொண்டிருந்தபோது மூதாட்டி திரையருகே குனிந்தார்.

“தம்பி, அந்தத் தழும்பை அழிச்சிராதீங்க. சின்னப் புள்ளையில வள்ளத்துல விழுந்து பட்டது. அது இல்லாம அவன் முகமா அது?”

நாங்கள் பேச்சற்றுப் போனோம். பழைய செயலியாயிருந்தால், அவர் வாய் திறக்குமுன் தழும்பு மறைந்திருக்கும். எங்கள் கைவேகத்தை அவர் பாராட்டியிருக்கவும் கூடும். வீட்டிற்குச் சென்ற பிறகே ஏதோ குறைவதை உணர்ந்திருப்பார். இருபது ஆண்டுகளாக எத்தனை தாய்மாரின் அடையாளங்களைக் கேளாமலே துடைத்திருப்போம்!

கிம்ப் குறையற்றது என்று சொல்லமாட்டோம். அச்சகத்தார் கேட்கும் நான்குவண்ணக் கோப்புகளைத் தயாரிப்பதில் அது இன்னும் போட்டோஷாப்புக்கு நிகராகவில்லை. எங்கள் பழைய கோப்புகளைத் திறந்தபோது, எழுத்துகள் திருத்த இயலாத வெறும் படங்களாகவே வந்தன. ஆயினும் ஒளி எப்பக்கம் விழுகிறது, நிழல் எங்கே மென்மையாகிறது என்னும் அறிவு எங்களை விட்டுப் போகவில்லை. போனது விரலின் அவசரம் மட்டுமே. அதையே நாங்கள் திறமை என்று நம்பியிருந்தோம்.

இப்போது புதிய விசைகளும் பழகிவிட்டன, வேகமும் திரும்பிவிட்டது. அதனாலேயே எங்களுக்குச் சற்று அச்சம். ஆகையால் படத்தோடு வருவோரிடம், எதைத் திருத்த வேண்டும் என்று கேட்குமுன், எதை விட்டுவைக்க வேண்டும் என்று கேட்கிறோம். சிலர் சிரிக்கின்றனர். சிலர் சற்றுநேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுகின்றனர்.